பிறந்த வீட்டில் விருந்தாளி

"அந்த ஊதாப் பொடவையக் கட்டிக்கிட்டு வந்துறாத. அதுல உன்னப் பாத்தா அச்சு அசல் மலைக்காரியாட்டவே இருக்குது."

காலை ஆறு மணி. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் காபி டம்ளரோடு நின்று பழனியம்மாள் இதைச் சொன்னாள். ராசாத்தி திரும்பிப் பார்க்கவில்லை. கணவனுடைய அக்காவின் வாயிலிருந்து 'மலைக்காரி' என்ற சொல்லைக் கேட்கத் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. முதல் சில வருஷங்கள் அது சுட்டது. அப்புறம் அவளுக்குப் பழகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"பச்சைப் பொடவை கட்டிக்கறனுங்க நங்கையா."

"எதையோ கட்டு. வாய மட்டும் தொறக்காத. ஈரோட்டுக்காரங்ககிட்ட நான் என்ன சொல்லி வெச்சிருக்கறேன்னு ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"என்ன சொல்லு, பாக்கலாம்."

ராசாத்தி இட்லித் தட்டை இறக்கி வைத்தாள். "நான் தருமபுரிப் பக்கம். ஒரே பொண்ணு. அப்பா அம்மா காலமாயிட்டாங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பித்ததைக் கேட்ட திருப்தியோடு பழனியம்மாள் காபியை உறிஞ்சினாள். ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில் ராசாத்தி பிறந்ததும், அங்கே அவளுக்கு சின்னையன் என்றொரு அண்ணன் உயிரோடு இருப்பதும் அந்த மூன்று வாக்கியத்தில் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டன.

மகள் கவிப்பிரியாவை ஈரோட்டிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையன் யுவராஜ் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பேசி முடிப்பதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து எங்கேயாவது போய்வரலாம் என்றாள் பையனின் அம்மா சிவரஞ்சனி. ஏற்காடு என்று இடத்தையும் அவளே சொல்லிவிட்டாள். வேறு எந்த ஊரைச் சொல்லியிருந்தாலும் பழனியம்மாள் இத்தனை கலங்கியிருக்க மாட்டாள்.

ஹாலில் ஜெயபிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராசாத்தி அவனுக்கு முன்னால் இட்லியை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, நீங்களும் அதையேதான் சொல்றீங்களா?"

"அக்கா எது சொன்னாலும் ஒரு காரணம் இருக்கும்." கண் போனைவிட்டு எழவில்லை. "ஒரு நாள்தான ராசாத்தி. ஒரு நாளைக்கு வாய மூடிட்டு இருக்க முடியாதா?"

தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கவிப்பிரியா அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். "எனக்காகம்மா... அவங்க வீட்டுல என்ன நெனைப்பாங்கன்னு தெரியல. கல்யாணத்துக்கு அப்புறம் நானே யுவராஜ்கிட்ட சொல்லிக்கறேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. கவிக்காக என்று யாராவது சொல்லிவிட்டால் ராசாத்தி எதற்கும் ஒத்துக்கொண்டுவிடுவாள்.

ஜெயபிரகாஷ் ஒரு காலத்தில் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அங்கே காபிக்கொட்டை தரம் பிரிக்க வந்த ராசாத்தியைப் பார்த்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றவன். விஷக்காய்ச்சல் வந்து எஸ்டேட் லயத்துக் குடியிருப்பில் கேட்பாரில்லாமல் கிடந்தபோது, சின்னையன்தான் அவனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தான். தயங்கிய அப்பாவிடம் பேசிக் கல்யாணத்தை முடித்து வைத்தவனும் அவனே. பிறகு பழனியம்மாளின் புருஷன் இறந்துபோக, சேலத்தில் அவருடைய வெள்ளிக் கொலுசுப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளத் தம்பி மலையிறங்கி வந்தான். இறங்கியவன் முதுகெலும்பை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அக்கா உட்கார் என்றால் உட்கார்ந்தான், எழு என்றால் எழுந்தான். ராசாத்தி பட்டறையில் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனாள். பட்டறை பெரிதானது. பழனியம்மாள் அதைத் தன் தம்பியின் திறமை என்று ஊரெல்லாம் சொன்னாள்.

கவிக்கு ஒரு வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். சின்னையன் வரவில்லை. "உங்கண்ணன் வர முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டான். கீழ வந்து எங்க பந்தியில உக்காந்தா அவனுக்குக் கவுரவக் கொறச்சலாம்" என்றாள் பழனியம்மாள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் மடியில் குழந்தை கதறியது. அண்ணனை ராசாத்தியால் மன்னிக்க முடியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தபோது தனியாகப் பஸ் ஏறிப் போனாள். சின்னையன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. ஈரோட்டிலிருந்து யுவராஜும் அவன் அம்மா சிவரஞ்சனியும் அப்பா அண்ணாதுரையும் வந்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பழனியம்மாள் ஜன்னலைத் திறந்து, மலையைத் தன் சொத்து போலக் காட்டிப் பேச ஆரம்பித்தாள்.

"காத்து நல்லாத்தான் இருக்கும். ஆளுங்கதான் சரியில்லீங்க. ரோட்டோரம் பலாப்பழத்த வெச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, இதுங்க கையில வாங்கித் தின்னுறாதீங்க. குளிச்சு எத்தன நாளாச்சோ."

ரோட்டோரம் நின்ற பெண்ணை ராசாத்தி பார்த்தாள். காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் முடிச்சுப் போட்டு, பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். ராசாத்தி மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஏரியில் படகு ஓட்டினார்கள். பகோடா பாயிண்டில் படம் எடுத்துக்கொண்டார்கள். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்ததால் காபிச் செடியெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் ராசாத்தி நடப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் வந்து நின்ற சிவரஞ்சனி கேட்டாள்.

"இது என்ன பூவுங்க? மல்லிகையாட்ட மணக்குது."

பத்தடி தள்ளி நின்ற பழனியம்மாள் திரும்பினாள்.

"தெரியலைங்க" என்றாள் ராசாத்தி.

"இதுக்கு முன்னாடி ஏற்காடு வந்திருக்கறீங்களா?"

"இல்லைங்க. இதுதான் மொதல் தடவ."

பிறந்த மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொன்னாள். பழனியம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். பெற்றவளையே விற்றுவிட்ட மாதிரி இருந்தது ராசாத்திக்கு.

மதியம் ஆனதும் யுவராஜ், "சாப்பாட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றான். "ஹோட்டல் இல்ல. என் ஃப்ரெண்டு சொன்னான். மாரமங்கலத்துல ஒரு விவசாயி வீட்டுல, வர்றவங்களுக்கு ஊட்டுச் சாப்பாடு போடறாங்களாம். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கறதால ஒத்துக்கும்."

பழனியம்மாளின் முகம் மாறியது. "எதுக்குப்பா அவ்வளவு தூரம்... சுத்தமா ஒரு ஹோட்டலுக்குப் போகலாமே." ஏழு பேருக்குச் சொல்லி முன்பணமும் அனுப்பியாகிவிட்டது என்றான் அவன். ஜெயபிரகாஷ் வானத்தைப் பார்த்தான். ஊரில் எத்தனையோ வீடு இருக்கிறது, அந்த வீடாகவா இருக்கும் என்று அக்காவின் காதில் சொன்னான்.

குறுகலான ரோட்டில் முக்கால் மணி நேரம். ஊருக்குள் நுழைந்து, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, பலா மரத்தடியில் வேன் இடது பக்கம் திரும்பியபோது ராசாத்திக்குத் தெரிந்துவிட்டது. பழனியம்மாள் பின்சீட்டிலிருந்து குனிந்து அவள் காதருகே பேசினாள்.

"உம் புள்ள வாழ்க்கை உன் வாயிலதான் இருக்குது. பாத்துக்க."

வாசலில் நின்றது சின்னையன்தான். தலை பாதி நரைத்திருந்தது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாய்க் கைகூப்பி எல்லோரையும் வரவேற்றவன், கடைசியாய் இறங்கிய ராசாத்தியைப் பார்த்ததும் கை கூப்பியபடியே நின்றுவிட்டான். ராசாத்தி தரையைப் பார்த்தாள். சின்னையன் ஜெயபிரகாஷைப் பார்த்தான். அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். ஒரு நிமிஷத்தில் சின்னையனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வாங்கம்மா" என்றான் தங்கையிடம், ஊர் பெயர் தெரியாத ஒருத்தியைக் கூப்பிடுவது போல. "தண்ணி அங்க இருக்குதுங்க. கை கழுவிட்டு உக்காருங்க."

முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, நீள மேசையில் இலை விரித்திருந்தார்கள். உள்ளேயிருந்து குழம்போடு வந்த அண்ணி சக்தி, ராசாத்தியைக் கண்டு வாயைத் திறந்தாள். சின்னையன் மெதுவாகத் தலையசைத்தான். சக்தி வாயை மூடிக்கொண்டு பரிமாறினாள்.

பழனியம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது. பயந்தது நடக்கவில்லை என்றதும் அவளுக்குக் கொஞ்சம் விளையாடிப் பார்க்கவும் தோன்றியது.

"ஏம்ப்பா, கைய நல்லாக் கழுவினயா? நகத்துல மண்ணு இருக்குது."

"கழுவிட்டனுங்கம்மா. காபிக் கறைங்க, போகாது."

"தண்ணிய வடிகட்டிக் கொண்டா. உங்களுக்கு எதுவும் ஒத்துக்கும், எங்களுக்கு ஒத்துக்காது."

சின்னையன் தண்ணீர் கொண்டுவரப் போனான். ஜெயபிரகாஷ் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். முன்பு அந்த வீட்டுக் கஞ்சியை எப்படிக் குடித்தானோ அப்படியே. கவிப்பிரியா மட்டும் ஒரு வாய்கூட வைக்காமல் அம்மாவையும் அந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

சிவரஞ்சனிதான் மரியாதையாகப் பேசினாள். "நொம்ப நல்லாயிருக்குதுங்கண்ணா. கூடப் பொறந்தவங்க எல்லாம் இங்கயே இருக்கறாங்களா?"

சின்னையன் குழம்புப் பாத்திரத்தைக் கை மாற்றிக்கொண்டான்.

"ஒரே தங்கச்சிங்க. கட்டிக் குடுத்துட்டோம். நல்ல எடத்துல, நல்லா இருக்குதுங்க."

ராசாத்திக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

எல்லோரும் எழுந்தார்கள். பழனியம்மாள் வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டே சொன்னாள்.

"எச்சலை எல்லாம் ஈ மொய்க்குது பாரு. எடுப்பா."

"நான் எடுக்கறேன்" என்று சக்தி உள்ளேயிருந்து வருவதற்குள் சின்னையன் குனிந்துவிட்டான். ஓரத்தில் இருந்தது ராசாத்தியின் இலை. அவன் அதை மடித்துத் தூக்கப் போனான்.

ராசாத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுண்ணா."

"இருக்கட்டுங்கம்மா..."

"என்ன அம்மான்னு கூப்பிடாத. நீ எனக்கு அண்ணன். எங்க ஊட்டுல, எங்கண்ணன் என் எச்சலைய எடுக்கக் கூடாது." சிவரஞ்சனியைப் பார்த்துத் திரும்பினாள். "நான் தருமபுரி இல்லைங்க. நான் பொறந்தது இந்த ஊடு. காலையில நீங்க கேட்டீங்களே, அது காபிப் பூவுங்க. எனக்குத் தெரியும். தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

அண்ணாதுரை கை கழுவப் போன இடத்திலேயே நின்றார். பழனியம்மாள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். "அவளுக்கு வெயில் ஒத்துக்கலைங்க சம்பந்தியம்மா, ஏதோ..."

"இன்னும் சம்பந்தி ஆகலைங்க" என்றாள் சிவரஞ்சனி. "அவங்க பேசட்டும்."

ராசாத்தி அண்ணனிடம் கேட்டாள். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கேள்வி அழுகையோடு வந்தது. "ஏண்ணா காது குத்துக்கு வரல? என் புள்ளைய எவன் மடியிலயோ உக்கார வெச்சாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன் உனக்கு?"

சின்னையன் அவளை வெறித்துப் பார்த்தான். "வரலன்னு யாரு கண்ணு சொன்னா?"

"வந்தியா?"

"மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன். நானும் உங்கண்ணியும் தட்டோட வந்தோம். இந்தம்மா வெளிய வந்து, 'உன் தங்கச்சியே உன்ன உள்ள விட வேண்டாம்னு சொல்லிட்டா, மலைக்காரன் வந்து சபையில உக்காந்தா அவளுக்கு மானம் போகுதாம்'னு சொன்னாங்க. நான் நம்பல. ஆனா மாப்பிள்ளையும் பக்கத்துல நின்னாரு. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்ப நெசந்தான்னு நெனைச்சு, தட்டைப் படியிலயே வெச்சுட்டு வந்துட்டோம். அப்பன் செத்தப்பக்கூட உங்கிட்டப் பேசாம இருந்துட்டேன்... நான் ஒரு மடையன்."

ராசாத்தி கணவனிடம் திரும்பினாள். "நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"அது வந்து ராசாத்தி... அப்பப் பட்டறை அக்கா பேர்ல இருந்துச்சு. நாம அவங்க ஊட்டுல இருந்தோம். நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

இவ்வளவு காலமும் அவனைப் பயந்த சுபாவக்காரன் என்று நினைத்து அவள் இரக்கப்பட்டிருந்தாள். அக்காவுக்கும் தனக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் தவிக்கவே இல்லை. சௌகரியமாக இருந்திருக்கிறான். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

"கை கழுவிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "கழுவிட்டுப் போய் வண்டியில உக்காருங்க. உங்கக்கா தேடுவாங்க."

ஜெயபிரகாஷ் உண்மையாகவே கை கழுவப் போனான்.

பழனியம்மாள் கடைசி முயற்சியாகக் குரலை இறக்கினாள். "குடும்பம்னா நாலும் இருக்கும். மலைச்சாதின்னு தெரிஞ்சா நீங்க தப்பா நெனைப்பீங்கன்னுதான்..."

"நாங்க என்ன நெனைப்போம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" சிவரஞ்சனி குரலை உயர்த்தவில்லை. "எந்த ஊருன்னு மறைச்சீங்க, சரி, அத விடுங்க. சொந்த மச்சான் எலை எடுக்கறாரு, உங்க தம்பி பாத்துக்கிட்டு நிக்கறாரு. அதுதான் எனக்குக் கூசுது. இனிமே பேசறதா இருந்தா உங்ககிட்டப் பேச மாட்டோம்."

பழனியம்மாள் வாயடைத்து நின்றதை ராசாத்தி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கவிப்பிரியா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து சின்னையன் முன்னால் நின்றாள். "மாமா, நானும் அந்தப் பொய்க்கு ஒத்துக்கிட்டேன். அம்மாகிட்ட எனக்காகன்னு கேட்டதே நான்தான். என்னையும் திட்டுங்க."

"உன்ன எதுக்கு சாமி திட்டறது?" சின்னையனின் கண் நிறைந்துவிட்டது. "கைக்கொழந்தையாப் பாத்தது, அப்புறம் இன்னிக்குத்தான உன்னப் பாக்கறேன்."

வேன் கிளம்பத் தயாரானது. ஜெயபிரகாஷ் வாசலில் வந்து நின்று, "வா, போகலாம்" என்றான். ராசாத்தி அசையவில்லை.

"நீங்க போங்க. நான் வரல."

"விடுடா" என்று வேனுக்குள்ளிருந்து பழனியம்மாளின் குரல் வந்தது. "எங்க இருந்து வந்தாளோ அங்கயே கெடக்கட்டும்."

இருபத்தைந்து வருஷத்தில் அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று ராசாத்திக்குத் தோன்றியது. கவியும் போகவில்லை. சிவரஞ்சனி இறங்கி வந்து, சின்னையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ராசாத்தியின் இரண்டு கையையும் பிடித்துவிட்டுப் போனாள். யுவராஜ் கவியிடம் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றான்.

வேன் சத்தம் அடங்கியதும் சின்னையன் தங்கையின் தலையில் கை வைத்தான். அவ்வளவுதான். ராசாத்தி அவன் தோளில் விழுந்து, அப்பா செத்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். சக்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, உள்ள வா கண்ணு. நீ அங்க ஒரு வாயும் திங்கலன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஜெயபிரகாஷ் தனியாகப் பஸ்ஸில் வந்தான். சின்னையன் அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தான். ஒரு சுடுசொல் சொல்லவில்லை. ஜெயபிரகாஷ் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அடுப்படியிலிருந்து ராசாத்தி அதைப் பார்த்தாள். அழுகை பொய்யில்லை. அழுதாவது தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவனோடு நடந்தாள்.

"ஈரோட்டுக்காரங்க அடுத்த மாசம் இங்க வர்றாங்களாம். எங்கண்ணன் உக்காந்து பேசப் போறாரு. நீங்களும் வாங்க" என்றாள்.

"நீ எப்ப வருவ? கவிக்காகவாவது வா ராசாத்தி."

"கவிக்காகன்னு எல்லாம் செஞ்சாச்சுங்க. கவி இனிமே அவளப் பாத்துக்குவா." பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. "உங்கக்கா இல்லாம ஒரு ஊடு பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. நான் எங்கண்ணனோட வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா இருக்கறேன்."

"அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

ராசாத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மனிதன் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறான்.

"அதையும் நான்தான் சொல்லித் தரணுமா?" என்றாள்.

பஸ் வந்தது. அவன் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் கையசைப்பாள் என்று எதிர்பார்த்துத் திரும்பினான். ராசாத்தி அதற்குள் பாதி வழி போய்விட்டிருந்தாள். கொல்லையில் அண்ணி தனியாக மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள்.